தையல்காரர் : ?

1.

இந்தக் கதை ஒரு போண்டாவில் தொடங்கியது. நைட் ஷிப்ட் முடித்து, திருப்பூர் மண்ணரையில் ஒரு டீக்கடையில் வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாள், குரூப் ஃபோர் தேர்வுக்கான மாதிரி வினாத்தாள். எண்ணெய் படாத மூலையில் ஒரு கேள்வி:

நெசவாளர் : தறி :: தையல்காரர் : ?
(அ) துணி (ஆ) தையல் இயந்திரம் (இ) ஊசி (ஈ) உதவியாளர்

யாரோ (ஈ)யை டிக் அடித்திருந்தார்கள். தப்பு. ஆனால் அழுத்திய அழுத்தலில் தாள் கிழிந்திருந்தது. குத்துமதிப்பாக அடிப்பவர்கள் அப்படி அழுத்துவதில்லை. அழுத்தியவளுக்கு வேல்விழி என்று பெயர் வைத்து எழுத ஆரம்பித்தேன்.

2.

வேல்விழியின் கண்களில் கனவுகள்

(வேண்டாம். பனியன் கம்பெனியில் கண்ணில் விழுவது பஞ்சு.)

வேல்விழி கைமடி, அதாவது உதவியாளர். டெய்லர் முனீஸ் தைக்கத் தைக்கத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குபவள். இருவரும் கோவில்பட்டிப் பக்கம். நாளை ஞாயிறு, அவளுக்குப் பரீட்சை. பாஸானால் ஏதோ ஓர் ஆபீசில் நாற்காலி. இதுவரை நின்றே வேலை பார்த்தவள்.

டீ டைமில், அவள் டிக் அடித்த தாளை முனீஸ் பிடுங்கிப் பார்த்தான்.

"ஏ கூறுகெட்டவளே, மெஷின்தான! ரெண்டு வார்த்தைக்கும் என்ன உறவுன்னு ஒரு வரியில சொல்லிப் பாரு. நெசவாளர் தறியில வேலை பாக்காரு. தையக்காரன் மெஷின்ல வேலை பாக்கான்."

"மெஷின் நின்னா மெக்கானிக்கக் கூப்பிட்டுட்டு டீ குடிக்கப் போயிருத. போன மாசம் எனக்குக் காய்ச்ச வந்துச்சே, அன்னைக்கு என்ன செஞ்ச?"

"பாதி நேரம் சும்மாதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப தையக்காரருக்கு எது?"

"நீதான், போதுமா? ஆனா கேள்வி எடுத்தவன் கம்பெனிக்கு வந்தா பாக்கப் போறான்? கைமடின்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது. ஒழுங்கா மெஷின்னு போட்டுட்டு வா."

(அவன் அவளைக் காதலிக்கிறானா என்று கேட்காதீர்கள். தெரியாது. சரியான விடை எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, கதைக்கு அது போதும்.)

3.

பரீட்சை ஹால். அதே கேள்வி வருகிறது. (நான்தான் கொண்டுவந்தேன். கதை எழுதுபவனுக்கு அந்த அதிகாரம்கூட இல்லையென்றால் எப்படி?)

முடிவு ஒன்று: (ஆ)வை நிரப்புகிறாள். அந்த ஒரு கேள்வியில் வேலை கிடைக்கிறது. படித்துப் பார்த்தேன். இத்தனை வருடம் முனீஸ் பக்கத்தில் யாருமே நிற்கவில்லை என்று அவளே கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது.

முடிவு இரண்டு: (ஈ)யை நிரப்புகிறாள். அந்த ஒரு கேள்வியில் ஆபீஸ் வேலை கைநழுவுகிறது. திங்கட்கிழமை நிமிர்ந்து நின்று

(அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் நிற்பதில் எனக்கென்ன பெருமை? கால் வலிப்பது அவளுக்கு.)

பெல் அடிக்கப் போகிறது. கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்; முனீஸ் தானே எழுந்து துணி எடுக்கிறான், உட்கார்ந்து தைக்கிறான், மறுபடி எழுந்து அடுக்குகிறான். இங்கே அவள் பேனா இரண்டு வட்டங்களுக்கு நடுவே நிற்கிறது. அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும்.

நான் நிரப்பப் போவதில்லை. பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். எதை நிரப்பினாலும் அழுத்தி நிரப்புங்கள்.