மூன்றாம் மாடிக்கு ஒரு தையல் மெஷின்

போன மாதம் என் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகும்போது, வசூல்காரன் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். “வாங்கத் தெரிஞ்சவளுக்குக் கட்டத் தெரியல? மானம் ரோஷம் இருக்கா உனக்கு?”

 நான் நேராகக் கோர்ட்டுக்குப் போய்த் திவால் மனு கொடுத்தேன். பிழைப்புக்கான கருவியைக் கடனுக்காகப் பறிக்கக் கூடாது என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. எடுத்தவனே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரும்பு மெஷினைத் தோளில் சுமந்து ஏறி வந்தான். நான் முன்கூட்டியே எல்லா வீட்டுக் கதவையும் தட்டியிருந்தேன். படிக்கட்டு முழுக்கக் கூட்டம்.

“எங்க வைக்கணும்?”

“ஜன்னல் பக்கம்.”

வைத்தான்.

“வேண்டாம், கண்ணு கூசுது. அந்தச் சுவரோரம் வைங்க.”

வைத்தான்.

“இதுக்கு ஜன்னலே தேவலை.”

மறுபடி குனிந்தபோது அவன் பேன்ட் பின்னால் டர்ரென்று கிழிந்தது. வாசலில் ஒரே சிரிப்பு. காசுக்காகப் பையைத் தடவிப் பார்த்தான்; பர்ஸ் கீழே வண்டியில் இருந்தது.

“அக்கா, ரெண்டு தையல் போட்டுக் குடுங்க. காசு அப்புறம் தர்றேன்.”

நான் மெஷினுக்கு உறையை மாட்டினேன்.

“கடனுக்குத் தைக்கிறதில்ல, தம்பி.”