மருமகள் மாட்டிய கேமரா

விசில் டீச்சர் ஊதினால் ஊதினதுதான். கைப்பந்து ஆடுகிறவர்களிடம் அப்படி ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நடுவர் வேலையிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. இருபத்தாறு வருடங்களாக வலைக்குப் பக்கத்தில் இருக்கும் உயரமான மேடையில் நின்று ஊதுகிறார். சொன்ன முடிவை ஒருமுறைகூட மாற்றியதில்லை. மாற்ற வேண்டிய அவசியம் வந்ததில்லை என்பார் அவர்.

அவருடைய மருமகளுக்குக் கேமரா மாட்டுகிற தொழில். கடை, கிடங்கு, அடுக்குமாடி வாசல் என்று எங்கே கூப்பிட்டாலும் துளைக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவாள். கேபிள் இழுத்து, படம் வந்த பிறகுதான் வீடு திரும்புவாள். ஆனால், "உங்க மருமக என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால் மாமியார், "ஏதோ கம்ப்யூட்டர்ல பண்றா" என்று பேச்சை முடித்துவிடுவார். மூன்று வருடமாக அதே 'ஏதோ'. குறை சொன்னால்கூட பதில் சொல்லலாம். 'ஏதோ'வுக்கு என்ன பதில் சொல்வது? மருமகளுக்கு அது செருப்புக்குள் புகுந்த சிறு கல்லாக இருந்தது. நடக்க முடியாமல் இல்லை, ஆனால் மறக்கவும் முடியவில்லை.

இந்த வருடப் போட்டிக்கு ஒரு புது ஏற்பாடு செய்யலாம் என்று கைப்பந்துச் சங்கச் செயலாளர் முடிவு செய்தார். நடுவர் சொன்னதை ஒரு அணித்தலைவி ஏற்காவிட்டால் கை உயர்த்தி முறையிடலாம். உடனே வீடியோவைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கோர் போடும் மென்பொருளோடு கேமராவை இணைக்க வேண்டும். வேலை மருமகளிடம் வந்தது.

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே டீச்சர்?" என்று செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எனக்கென்ன ஆட்சேபணை? மாட்டட்டும். ஒரு தடவை தப்பாக் காட்டினாலும் கழட்டச் சொல்லிடுவேன்" என்றார் மாமியார். அதைச் சொன்னபோது மருமகள் பக்கத்தில்தான் இருந்தாள்.

போட்டிக்கு முந்தைய நாள் காலை உள்ளரங்கத்துக்கு வந்து, ஆடுகளத்தின் பின்கோடு முழுதும் தெரிகிற மாதிரி கேமராவைத் தூணில் பொருத்தினாள். கேபிளை ஸ்கோர் மேசை வரை இழுத்தாள். லேப்டாப்பில் மென்பொருளைத் திறந்து, கேமராவின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் கொடுத்தாள். படம் வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. கேபிளை மாற்றினாள். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, பக்கத்து அலுவலக அறையில் பிரிண்டர் கரகரவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். கேமராவுக்கு அவள் கொடுத்த அதே முகவரி எண் பிரிண்டருக்கும் இருந்தது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவெண் இருந்தால் தபால்காரர் பாவம் என்ன செய்வார்? கேமராவுக்கு வேறு எண் கொடுத்தாள். படம் அசையாமல் நின்றது.

மதியம் மாமியார் சோதனைக்கு வந்தார். கூடவே பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பெண்கள். ஒருத்தி அடிக்க, பந்து பின்கோட்டருகே விழ, இன்னொருத்தி அதை எடுத்துப் போட, மாமியார் மேடையிலிருந்து உள்ளே, வெளியே என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பந்துக்கும் மருமகள் ஒரு பொத்தானை அழுத்தினாள். மென்பொருள் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய துண்டு வீடியோவைக் கேமராவிலிருந்து எடுக்கும்.

"இது வெளியே. போட்டுக் காட்டு" என்றார் மாமியார்.

போட்டாள். திரையில் பந்து கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்தது.

அடித்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் மேடையிலிருந்து இறங்கி வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"இது அந்தப் பந்து இல்ல."

"அத்தை, இப்போ அழுத்தினதுதான் வந்திருக்கு."

"நல்லாப் பாரும்மா. இதுல பந்து எடுக்கற பொண்ணு தலைமுடியை விரிச்சுப் போட்டிருக்கா. கடைசிப் பந்துக்கு முன்னாடியே முடிஞ்சிட்டா. இது அதுக்கு முந்தின பந்து. உன் கேமரா பழைய கதையைச் சொல்லுது."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தலையில் கொண்டை இருந்தது. அவ்வளவு உயரத்தில் நின்று பந்தையும் பார்த்து, கோட்டையும் பார்த்து, ஒருத்தி முடி முடிந்ததையும் பார்த்திருக்கிறாரே! மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். லேப்டாப்பின் கடிகாரத்தையும் கேமராவின் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. கேமராவின் கடிகாரம் பதினோரு விநாடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருள் கேட்ட நேரத்துக்குக் கேமரா முந்தின பந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறது. இனிமேல் கேமரா நேரத்தை லேப்டாப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி அமைத்தாள்.

"இப்போ பாருங்க அத்தை."

மாமியார் இன்னும் நாற்பது பந்து அடிக்கச் சொன்னார். நாற்பதும் சரியாக வந்தன. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கழற்றச் சொல்லவில்லை. அதுவே பெரிய சான்றிதழ் என்று மருமகள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இறுதிப் போட்டி. சிவப்பு அணியும் நீல அணியும் இரண்டிரண்டு செட் எடுத்திருந்தன. கடைசிச் செட் பதினைந்து புள்ளி. சிவப்பு பதினான்கு, நீலம் பதின்மூன்று. சிவப்பு அணித்தலைவி எகிறி அடித்த பந்து நீல அணியின் பின்கோட்டருகே விழுந்து தெறித்தது. விசில் ஒலித்தது. மாமியாரின் இரண்டு கைகளும் மேலே போயின. வெளியே. பதினான்குக்குப் பதினான்கு.

சிவப்பு அணித்தலைவி கையை உயர்த்தினாள். "முறையிடறேன்."

அரங்கமே மருமகள் பக்கம் திரும்பியது. அவள் துண்டு வீடியோவை முதலில் தன் லேப்டாப்பில் மெதுவாக ஓடவிட்டாள். பந்து இறங்குகிறது. அமுங்குகிறது. அமுங்கிய பந்தின் விளிம்பு வெள்ளைக் கோட்டின் மேல் நகத்தளவு ஏறியிருக்கிறது. கோடும் களத்தில் சேர்த்திதான்.

உள்ளே.

கடிகாரத்தைச் சரிபார்த்தாள், சரியாக இருந்தது. இன்னொரு முறை ஓட்டினாள், பந்து அதே இடத்தில்தான் விழுந்தது. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். இவள் உடைக்கப் போவதோ மாமியாரின் இருபத்தாறு வருடத்தை. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வராது. பெரிய திரைக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

கூட்டம் "ஓ" என்றது. "யானைக்கும் அடி சறுக்கும்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மாமியார் மேடையிலிருந்து இறங்கி, நேராக மேசைக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்பில் ஒருமுறை பார்த்தார்.

"கடிகாரம் பார்த்தியா?"

"பார்த்துட்டேன் அத்தை. சரியா இருக்கு."

"ம்."

அதற்குள் நீல அணியின் பயிற்சியாளர் ஓடி வந்தார். "இது என்ன நியாயம் டீச்சர்? நடுவரும் ஒரே வீடு, கேமராக்காரியும் அதே வீடு. நாங்க எப்படி நம்பறது?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் திரும்பினார்.

"தம்பி, வீட்டு ஆளுன்னு பார்த்திருந்தா என் பக்கம்தானே பேசியிருக்கணும்? இத்தனை பேர் முன்னாடி நான் சொன்னது தப்புன்னு காட்டியிருக்கா. இதைவிட என்ன நம்பிக்கை வேணும் உங்களுக்கு? நேத்து மதியம் நானே நின்னு சோதிச்சேன். கடைசியா அடிச்ச நாற்பது பந்துல ஒரு குத்தம்கூடக் கண்டுபிடிக்க முடியல. பந்து உள்ளே. நான் தப்பாப் பார்த்தேன்."

பயிற்சியாளர் தன் அணியிடம் திரும்பிப் போனார். மாமியார் மறுபடி மேடை ஏறி, நிமிர்ந்து நின்று, நீளமாக ஒரு விசில் ஊதினார். கை சிவப்பு அணிப் பக்கம் நீண்டது. பதினைந்து, பதின்மூன்று. ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவர்கள் கத்திக் குதித்தார்கள். ஆனால் கூட்டத்தில் பாதிப்பேர் நடுவரைப் பார்த்துத்தான் கை தட்டினார்கள். மருமகளும் எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். தப்பு என்று தெரிந்ததும் ஒரு நிமிடம்கூட வளவளக்காமல் ஒப்புக்கொண்ட அந்த அம்மாள் தன் மாமியார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் செய்தாள்.

பரிசு கொடுத்து முடிந்ததும், விருந்தினராக வந்திருந்த வேறொரு சங்கத்துக்காரர் மாமியாரிடம் வந்தார். "எந்தக் கம்பெனி டீச்சர் இதைப் பண்ணினது? எங்களுக்கும் வேணும்."

"கம்பெனியா? என் மருமக. கேமரா மாட்டறதுதான் அவ தொழில். தூண்ல ஏறி மாட்டினா, கேபிள் இழுத்தா, ஸ்கோரோட சேர்த்தா, கடிகாரம் தப்பா ஓடினதைக் கண்டுபிடிச்சா. எல்லாம் தனியாளா."

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த மருமகளின் கை நின்றுவிட்டது. 'ஏதோ' இல்லை. ஒவ்வொன்றாக, வரிசையாக, ஒன்றும் விடாமல்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே வந்தார். "ஆமாக்கா, நான் சொன்ன முடிவையே மாத்த வச்சுட்டா. நகத்தளவு! மனுஷக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவளே செஞ்ச கேமரா."

"அத்தை, கேமராவை நான் செய்யல. மாட்டினேன், அவ்வளவுதான்."

"சும்மா இரு, உனக்குச் சொல்லத் தெரியாது" என்றார் மாமியார் போனைப் பொத்திக்கொண்டு. பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இந்த முறை அந்தக் கேமரா இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. மருமகள் திருத்தவில்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தும் திருப்பாமல், இன்னும் ஒரு தெரு சுற்றிப் போனாள்.