மாலை போட்ட ஜெனரேட்டர்

கோலாலம்பூரில் மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், அறிவிக்கும் காலை. தொலைவில், காஜா பேராங் என்ற ஊரில் எங்கள் சந்துக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. தம்பி கணேசமூர்த்தி ரேடியோவும் ஜெனரேட்டரும் இரவல் வாங்கி வந்தான்.

என் மனைவி கமலவேணி ஜெனரேட்டருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டாள். "சாமி ரூம்ல வைங்க."

"புகை உள்ள நின்னா செத்துருவோம். மாலையக் கழட்டு, சூட்டுல பத்திக்கும்," என்று எரிந்து விழுந்தேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மாலையைக் கழற்றினாள். ஜெனரேட்டரை வேலியோரம் வைத்து, ஜன்னல் வழியாக வயர் இழுத்தோம். ஓட்டம் சீரானதும் ரேடியோவைச் சொருகினேன். சந்தே வீட்டுக்குள் நெருக்கியடித்தது. இஞ்சின் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

கமலவேணி ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு, அங்கே முழக்கம் எழுந்ததும் கையை உயர்த்தினாள். "மெர்டேக்கா" என்று கத்தினோம். அவள் கை மறுபடி மறுபடி உயர்ந்தது. கடைசி முழக்கத்தில் இஞ்சின் சத்தமே கேட்கவில்லை.