மாடிப்படி விளக்கு

வான்நோக்குச் சங்கத்தின் ஆண்டு விழா தலைவர் வீட்டு மொட்டைமாடியில்தான் நடந்தது. தலைவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பகலில் மருந்துக்கடை, பொழுது சாய்ந்தால் தொலைநோக்கி. அவர் மனைவி முழங்காலைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறி வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றைக்காவது மனுஷன் நாலு பேர் முன்னால் "இவ விழுந்தது என்னாலதான்" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்ற நப்பாசை.

போன வருடம் இதே படியில்தான் விழுந்தாள். ஒரு குறுங்கோள் ஏதோ நட்சத்திரத்தைச் சில நொடி மறைக்கப்போகிறதாம். வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும் என்று படி விளக்கை அணைத்திருந்தார்கள். காப்பி பிளாஸ்க்கோடு ஏறியவள் தடுக்கி உருண்டாள். "லைட்டைப் போடுங்க" என்று கத்தினாள். "கொஞ்சம் பொறு" என்று அவர் குரல்தான் வந்தது. நட்சத்திரம் மறைந்து, மறுபடி தெரிந்த பிறகே விளக்கு எரிந்தது. முழங்கால் அதோடு சரி. தையல் மெஷினை மிதிக்க முடியாமல் இப்போது பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "என் வீட்டுக்காரியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"படியில விழுந்தப்பக்கூட லைட்டைப் போடுன்னு வாயைத் திறக்கல. இப்படி ஒருத்தி அமைஞ்சா யார் வேணும்னாலும் விஞ்ஞானி ஆயிடலாம்."

கைதட்டல் எழுந்தது. "சத்தத்தைக் கேட்டு நாங்க எரிகல்லுன்னுல்ல நெனச்சோம், அண்ணி" என்றார் பொருளாளரான பல் டாக்டர். சிரிப்பினூடே அவள் கையில் ஒரு சிவப்பு டார்ச்சைத் திணித்தார். "சங்கத்தோட பரிசு. இந்த வெளிச்சம் கண்ணை உறுத்தாது. பேட்டரி மட்டும் நீங்க வாங்கிப் போட்டுக்கங்க."

பக்கத்தில் வந்து உட்கார்ந்த கணவரிடம் மெல்லக் கேட்டாள். "நான் கத்துனது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அதையெல்லாம் மைக்ல சொல்வாங்களா? விடு."

சனிக்கோளின் வளையம் பார்க்க விளக்குகளை அணைத்தார்கள். அவள் எழுந்தாள். டார்ச்சை அமுக்கிப் பார்த்தாள். பேட்டரி இல்லாதது நினைவுக்கு வந்தது. சுவரைத் தடவிப் படி விளக்கைப் போட்டாள்.

"போச்சு, கண்ணே கூசுது" என்றது ஒரு குரல்.

"யாரு அது? அணை" என்றார் தலைவர்.

"நான்தான் இறங்குறேன். கொஞ்சம் பொறுங்க."

பாதிப் படிகூட இறங்கவில்லை, விளக்கு அணைந்தது. யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் செருப்புச் சத்தம் கல்யாணம் ஆன நாள் முதல் கேட்டதுதானே. மேலே யாரோ வளையத்தைப் பார்த்து "அடடா" என்றார்.

அவள் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நகர்ந்து கீழே வந்து சேர்ந்தாள். படி முடியும் இடத்தில் இருந்த மாடிக்கதவை இழுத்துச் சாத்தி, வீட்டின் உள்பக்கம் தாழ் போட்டாள். வளையத்தை ஆசை தீரப் பார்க்கட்டும்.