வில்மார் மாத்தேயை விட்டான்

கார்னிவல் மேள ஊர்வலத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது மதில்தே எனக்குப் போன் செய்தாள். எங்கள் பேட்டையின் மேளக் குழுவுக்குத் தலைவி அவள். நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"உன் ஆளு மறுபடி ஆரம்பிச்சுட்டான் சுல்மா. கை நடுங்குது. கோல் ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு. நடையும் சரியில்ல. வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டேன். இந்த வருஷம் அவன் வேணாம்."

என் ஆள் என்று அவள் சொன்னது வில்மாரை. நாற்பத்திரண்டு வயது, பேக்கரியில் மாவு பிசைகிறவன். குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. குடியோடு இன்னொன்றும் அவனுக்கு உண்டு. மனசு ஒரு மாதம் கூரைமேல் ஏறிக் கூத்தாடும், அடுத்த மாதம் கட்டிலை விட்டு இறங்காது. அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். இந்த இரண்டும் சேர்ந்து பிடித்தவர்களோடு கூட நடப்பதுதான் நல மையத்தில் என் வேலை. நான் டாக்டர் இல்லை. அதே இரண்டிலும் விழுந்து எழுந்து வந்தவள், படிப்பென்று சொன்னால் அவ்வளவுதான். குடிக்காதே என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர், மாத்திரையை விடாதே என்று சொல்ல இன்னொரு ஆயிரம் பேர். இரண்டையும் தூக்கிக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிப் பொழுதை ஓட்டுகிறான் என்று கேட்க ஆள் வேண்டாமா? கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்றைக்கு நான் கேட்கவில்லை. அவன் வீட்டுக் கதவு திறந்ததும் முதல் வேலையாக மூக்கை அவன் வாயருகே கொண்டுபோனேன்.

வில்மார் இரண்டடி பின்னால் போனான். "நீங்களுமா சுல்மாக்கா?"

பொட்டு வாசனை இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும், அது என் பிறவிக் குணம்.

"குடிக்கலன்னா கை ஏன்டா இப்படி ஆடுது?"

"தெரியல. வயிறும் சரியில்ல. நாக்கு வேற வறண்டு கிடக்கு."

பேச்சும் கொஞ்சம் குழறியது. மேசையைப் பார்த்தேன். ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றியது, என்னவென்று பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. வெந்நீர்க் குடுவை இல்லை. மாத்தே என்கிற கசப்புத் தேநீருக்கு இலை போடும் சுரைக்குடுக்கை இல்லை, உறிஞ்சுகுழல் இல்லை. எங்கள் மொந்தெவிதேயோ நகரத்தில் மாத்தே இல்லாத மேசையை நான் சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை. இங்கே மக்கள் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள், காதலிப்பார்கள், வேலைநிறுத்தம் செய்வார்கள்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரம் முன்பு நல மையத்தில் எங்கள் குழுக் கூட்டத்தில் வில்மார் எழுந்து நின்று, "குடியை விட்டேன், சிகரெட்டை விட்டேன், இனிமே எதுக்கும் அடிமை இல்ல, நாளையிலிருந்து மாத்தேயும் கிடையாது" என்று முழங்கினான். எல்லோரும் கை தட்டினோம். பலமாகத் தட்டியது நான்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்ப நீ?"

"ரெண்டு குடுவை. ரெண்டு லிட்டர் வரும்."

"அதுக்குப் பதிலா இப்ப என்ன குடிக்கிற?"

யோசித்தான். "ஒண்ணும் இல்லையே."

ஜனவரி என்றால் இங்கே உச்சக் கோடை வெயில், அடுப்படி வேலை, சாயங்காலம் தெருவில் மேளம். இவன் ஒன்றும் குடிக்கவில்லையாம். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீர், உப்பு, காபி, மாத்தே எதையும் திடீரென்று மாற்றக் கூடாது, மாற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறிவிடும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். பரீட்சையில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். கை தட்டும்போது அது எங்கே போயிருந்ததோ.

டாக்ஸி பிடித்து நேரே மருத்துவமனை. ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள், மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். இளம் டாக்டரம்மா ஒருத்தி தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மாத்தேயை விட்டதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். கை தட்டினாங்க."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க தட்ட மாட்டீங்கன்னு தோணுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். மூன்றாம் நாள், மாத்திரை குறைந்த அளவில் மறுபடி தொடங்கியது. அளவோடு மாத்தே குடிக்கச் சொல்லி மருந்துச் சீட்டிலேயே எழுதித் தந்தாள். வில்மார் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். ஐந்தாம் நாள் கை நடுக்கம் நின்றது.

மேளம்தான் பாக்கி. போன வருஷ ஊர்வலத்தை நடைபாதையில் நின்று பார்த்தவன் அவன். இந்த வருஷம் வரிசைக்குள் நிற்கப்போகிறோம் என்கிற ஒரே நினைப்பில் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டியிருக்கிறான். அது போனால் அடுத்தது என்னவாகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"மதில்தேகிட்ட நான் பேசறேன். ஏதோ காய்ச்சல்னு சொல்லிடலாம்" என்றேன்.

"காய்ச்சல்னா நம்பமாட்டா. லித்தியம்னு சொன்னாத்தான் நம்புவா."

"சொல்லேன்."

"அக்கா, குடிகாரனா இருந்தேன்னு சொன்னப்ப தோள்ல கை போட்டாங்க. அந்த வரிசையில பாதிப் பேரு குடிச்சவன்தான். பைத்தியக்கார மாத்திரை திங்கிறேன்னு சொன்னா அந்தக் கையை எடுத்துடுவாங்க."

எடுக்க மாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. என் தோளிலிருந்தும் சில கைகள் போயிருக்கின்றன. "உன் இஷ்டம். நான் பக்கத்துல நிக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருமுனையில் காகிதமும் பலகையும் போட்டு நெருப்பு மூட்டி, சுற்றிலும் மேளங்களை வைத்துத் தோலைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். வில்மார் நேரே மதில்தேயிடம் போனான். தனியாகக் கூப்பிடவில்லை. முப்பது பேர் காதில் விழச் சொன்னான்.

"நான் குடிக்கல. எனக்கு மனசு சம்பந்தமா ஒரு வியாதி இருக்கு. ஒன்பது வருஷமா மாத்திரை. அது ஏறிப்போய்த்தான் கை ஆடுச்சு. இப்ப சரியாயிடுச்சு. சேர்த்துக்கிட்டா வாசிக்கிறேன், இல்லன்னா போறேன்."

மதில்தே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கையை நீட்டு."

நீட்டினான். அசையவில்லை.

"மாத்திரை எத்தனை மணிக்கு?"

"ராத்திரி ஒன்பதுக்கு."

"நாம கிளம்பறது ஒன்பதரைக்கு. அந்தக் கூட்டத்துல மறந்து தொலைச்சீன்னா?" சுவரில் ஒட்டியிருந்த ஊர்வல நிகழ்ச்சி அட்டையை நோக்கிப் பேனாவோடு நடந்தாள். எட்டு மணி, தோல் சூடாக்கல். ஒன்பதரை, புறப்பாடு. நடுவில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: ஒன்பது மணி, வில்மார் மாத்திரை, தண்ணீரோடு.

"போய் மேளத்தை மாட்டு. ஒரு வாரப் பயிற்சி போச்சு உனக்கு."

யாரோ சிரித்தார்கள், யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். நான் புகையைச் சாக்காக வைத்து அழுதேன், சந்தோஷமாகத்தான்.

மேளம் தொடங்குவதற்கு முன்னால் பாசிலியோ என்னிடம் வந்தான். வரிசையிலேயே பெரிய ஆள், அறுபது வயது, இருபது வருஷமாக அந்தக் குழுவில் வாசிக்கிறவன். நெருப்பைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டான்.

"என்னோட மாத்திரை காலையில. அதை அந்த அட்டையில எழுத வேணாம்."

"எழுதல. எத்தனை மணிக்கு?"

"ஏழு. போட்டா போடுவேன், இல்லன்னா இல்ல. வீட்ல யாருக்கும் தெரியாது."

அவன் நம்பரை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.