வீட்டுக்கு ஒரு வோட்டு

ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் லோன்சோ இறந்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அடுப்பருகே உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

அவன் என் கணவன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் அவன் தம்பி இஷித்ரோவும் மிஞ்சினோம். இஷித்ரோ கல்யாணம் செய்துகொள்ளாதவன். எங்கள் பாஸ்க் மலைப்பக்கத்தில் அப்படித்தான். ஒருவனுக்கு வீடு, மற்றவனுக்கு வீட்டில் இடம். தனியாளாக இருக்கும்வரை அந்த இடத்தை யாரும் பறிக்க முடியாது.

இப்போது வீடு யாருக்கு என்று தெரியவில்லை. லோன்சோ எதுவும் எழுதிவைக்கவில்லை. பில்பாவோ நகரத்து வக்கீல் முதலில் ஒன்று சொன்னார். அடுத்த முறை போனபோது வேறொன்று சொன்னார். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் மலைச்சரிவில் பாதை, தண்ணீர், கோயில் கூரை எல்லாவற்றையும் வீடுகள் கூடித்தான் முடிவு செய்யும். வீட்டுக்கு ஒரு கை. சகார்தி என்று கூப்பிடுவார்கள். அது எங்கள் வீட்டின் பெயர். யார் கை உயர்கிறதோ அவர்தான் சகார்தி. இத்தனை வருடம் லோன்சோவின் கை உயர்ந்தது. அவன் போன பிறகு கூட்டம் நடக்கவில்லை.

இனி யார் கை என்று நான் இஷித்ரோவைக் கேட்கவில்லை. அவனும் என்னைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் பிறந்தவன் அவன். வந்தவள் நான்.

தேனீ விஷயம் மட்டும் நடந்தது. எஜமான் இறந்தால் தேன்பெட்டிகளிடம் போய்ச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தேனீக்கள் போய்விடும். சொல்ல வேண்டியது அடுத்த எஜமான். நான் போய் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிச் சொன்னேன். திரும்பும்போது ஆப்பிள் மரங்களுக்கு நடுவே இஷித்ரோ வந்துகொண்டிருந்தான். தொப்பி கையில் இருந்தது.

"சொல்லிட்டீங்களா அண்ணி?"

"சொல்லிட்டேன்."

"நானும் காலையிலயே சொல்லிட்டேன். சரியாக் கேட்டுச்சான்னு பாக்க வந்தேன்."

தேனீக்கள் போகவில்லை. யார் சொன்னதைக் கேட்டுத் தங்கின என்று தெரியவில்லை.

மார்ச்சில் தேர்தல் வந்தது. பாஸ்க் நாட்டுக்கென்று ஒரு பார்லிமென்ட், அதற்கு முதல் தேர்தல். ரேடியோவில் விடிந்ததிலிருந்து அதே பேச்சு. கீழே ஊரில் சுவரே தெரியாத அளவுக்குப் போஸ்டர். ஒரு கட்சி எங்களை ஜெயிக்க வையுங்கள் என்றது. இன்னொரு கட்சி எங்களை ஜெயிக்க வையுங்கள், ஆனால் உள்ளே போக மாட்டோம் என்றது. நான் இரண்டு தடவை படித்தேன். அப்படித்தான் போட்டிருந்தது.

வியாழக்கிழமை திபுர்சியோ மேலே ஏறி வந்தார். அவர் எங்கள் சரிவின் தலைவர். மூச்சு வாங்க உட்கார்ந்தார். இஷித்ரோ ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்தான்.

"ஞாயித்துக்கிழமை வோட்டு போட்டுட்டு எல்லாரும் கோயில் தாழ்வாரத்துல கூடுங்க. பாதை விஷயம் பேசணும். பாதியை மழை கொண்டு போயிடுச்சு."

"வோட்டு அன்னிக்கா?" என்றேன்.

"அன்னிக்குத்தான் எல்லாரும் கீழ வருவீங்க. வீடு வீடா ஏற எனக்கு முட்டி இல்ல."

"இப்ப ஏறி வந்திருக்கீங்களே."

"அதனாலதான் சொல்றேன்."

இஷித்ரோ அவர் கோப்பையை மறுபடி நிரப்பினான். "இந்த வோட்டு எப்படி? பழைய முறையா?"

"பழைய முறைதான். நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் மரத்தடியில கூடிப் பேசினாங்களே, அது திரும்பி வருது." அவர் கோப்பையை உயர்த்தினார். எதற்காக உயர்த்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அது மூன்றாவது கோப்பை.

அவர் போன பிறகு இஷித்ரோ கதவருகே நின்றான்.

"கேட்டீங்களா அண்ணி? பழைய முறை. வீட்டுக்கு ஒண்ணு."

"போன தேர்தல்ல நாம மூணு பேருமே போட்டோமே."

"அது மத்ரித் அரசாங்கத்து வோட்டு. அவனுக்குத் தலைதான் தெரியும். வீடு தெரியாது. இது நம்மளது."

"அவர் அப்படிச் சொல்லலையே."

"வேற எப்படிச் சொல்லுவாரு?"

கட்சிக்காரர்கள் தபாலில் அனுப்பிய கவர்களை எடுத்துக் காட்டினேன். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. தனித்தனியாக அனுப்பியிருக்கிறார்களே என்றேன்.

"அண்ணனுக்கும் ஒண்ணு வந்திருக்கு பாருங்க. செத்தவனுக்கே அனுப்பறவன் பேச்சை நம்பறதா?"

அது சரியாகவும் பட்டது. தவறாகவும் பட்டது. வீட்டுக்கு ஒன்று என்றால் அதைப் போடப் போவது யார்? அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. சகார்திக்காக வோட்டுப் போட்டவர்தான் அன்று மதியம் சகார்திக்காகக் கை உயர்த்துவார். அது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது. சிவப்பு அவரையைச் சாப்பிட்டு முடித்தோம்.

சனிக்கிழமை என் அடையாள அட்டையை எடுத்துத் துடைத்து இழுப்பறையில் வைத்தேன். ஞாயிறு காலை அது அங்கே இல்லை.

இஷித்ரோ லோன்சோவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். அதை அவன் அதுவரை தொட்டதில்லை.

"என்னோடது கிழிஞ்சிருக்கு அண்ணி."

"இருக்கட்டும். என் அட்டையப் பாத்தியா?"

"எங்க வச்சீங்க?"

"இழுப்பறையில."

"நல்லாத் தேடுங்க."

அவனும் தேடினான். ரொட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். மெத்தையைத் தூக்கினான். கோழிக்கூட்டுக்குப் போய்க் குனிந்தான்.

"கோழி எதுக்கு அட்டைய எடுக்குது இஷித்ரோ?"

"கோழியப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

வைக்கோல் ஒட்டிய முழங்காலோடு திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அட்டை இல்லாம விட மாட்டாங்க அண்ணி. நீங்க பூசைக்கு வாங்க. வோட்டை நான் பாத்துக்கறேன்."

பொய் சொல்லிப் பழகாதவன். அவன் எடுத்திருப்பான் என்று நினைக்க முடியவில்லை. வேறு எப்படி நினைப்பது என்றும் தெரியவில்லை.

மழையில் இறங்கினோம். வழியில் கசில்டா பெரிய குடையோடு சேர்ந்துகொண்டாள். பக்கத்து வீடான இதூர்பேக்காரி. சாவு வந்தால் முதலில் நாங்கள் கதவு தட்டுவது அவள் வீட்டைத்தான். கோட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன இஷித்ரோ, பொண்ணு பாக்கக் கிளம்பிட்டியா?"

"வோட்டு போட."

"ரெண்டும் ஒண்ணுதான். போய்ப் பாத்துட்டு வருவ. அப்புறம் ஒரு பதிலும் வராது."

அவன் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் பாதையைப் பார்த்தேன்.

பூசை முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வோட்டு மேசைக்குத் தலைமை யார் என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் மருந்துக்கடைப் பெண்ணுக்கு விழுந்திருந்தது. வெளியூர்க்காரி. போன கோடையில்தான் வந்தாள். அடிக்கடி சீக்கு வருகிறவர்களை மட்டும் அவளுக்குத் தெரியும். முன்னால் கண்ணாடிப் பெட்டி. அறை நிறைய எங்கள் சரிவு ஜனங்கள், நனைந்த கம்பளி வாடை.

வோட்டு இல்லை என்று தெரிந்தும் நான் வரிசையில் இஷித்ரோவுக்குப் பின்னால் நின்றேன். பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அவன் தன் அட்டையைக் கொடுத்தான். அவள் பெயரைப் படித்தாள். கவர் பெட்டிக்குள் விழுந்தது. அவன் நகரவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"சகார்தின்னு குறிச்சுக்கலையே."

"அது என்னது?"

"வீடு."

"வீட்டுக்கு வோட்டு கிடையாதுங்க. ஆளுக்குத்தான்."

"இது நம்ம பார்லிமென்ட்டுக்குத்தானே?"

"ஆமா."

"நம்மளதா இருந்துமா வீட்டை எண்ண மாட்டீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். இஷித்ரோ கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். அவன் கவர் மற்ற கவர்களின் மேல் சாய்ந்து கிடந்தது. எது அவனுடையது என்று அதற்குள் தெரியாமல் போயிருக்கும்.

"அடுத்தவங்க," என்றாள் அவள். நான் முன்னே போனேன். "அட்டை?"

"காணோம்."

"பரவால்ல. தெரிஞ்சவங்க யாராவது சொன்னாப் போதும்." அவள் தலையை உயர்த்தினாள். "இவங்க யாருங்க?"

யாரும் பேசவில்லை.

அத்தனை பேரும் என் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். கசில்டா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெயர் சேர்க்காமல் ஒருவரைச் சொல்ல வராது. சகார்தி வீட்டுக்காரி என்று சொன்னால் வீட்டை எனக்குக் கொடுத்தாகிவிடும். லோன்சோவின் விதவை என்று சொன்னால் இஷித்ரோவுக்குக் கொடுத்தாகிவிடும். இரண்டையும் யாரும் தன் வாயால் செய்ய விரும்பவில்லை.

"எல்லாரும் ஒரே ஊர்தானே? ஒருத்தருக்குமா தெரியல?"

"தெரியும்," என்றார் திபுர்சியோ. "ஆனா சொல்ல முடியாது."

"ஏன்?"

"அது அவங்க வீட்டு விஷயம்."

"இவங்க யாருங்கறது இவங்க வீட்டு விஷயமா?"

"ஆமா."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். அவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு இஷித்ரோவிடம் திரும்பினாள்.

"நீங்களும் அதே விலாசம்தானே? நீங்களாவது சொல்லுங்க. இவங்க யாரு?"

அவன் வலது கை கோட்டின் உள்பையில் இருந்தது. துணிக்கு மேல் சதுரமாக ஏதோ புடைத்தது. காது இரண்டும் சிவந்திருந்தன.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டையை எடுத்தால் அவன் செய்தது ஊருக்கே தெரியும். எடுக்காவிட்டால் நான் யாரென்று சொல்ல வேண்டும். அவனால் இரண்டும் முடியவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். திருடியதும் வீண். ஆளுக்கு ஒன்று என்றால் யாரும் யாரையும் தடுத்திருக்க வேண்டியதே இல்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இஷித்ரோ," என்றேன். "அந்தக் கோட்டுப் பையில பாரு. ஜனவரில வக்கீலப் பாக்கப் போனப்ப மழைக்கு அதத்தான் போட்டுட்டுப் போனேன். அட்டைய அதுல வச்சது இப்பத்தான் ஞாபகம் வருது."

அவன் என்னைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "இருக்கு."

அட்டை சூடாக இருந்தது.

"காலையிலேர்ந்து உங்க பையிலதான் இருந்திருக்கு," என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"கோழிக்கூட்டுலகூடத் தேடினோம்," என்றான் இஷித்ரோ.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. நான் திரைக்குப் பின்னால் போனேன். காகிதங்கள் குவியல் குவியலாக இருந்தன. மேலே இருந்த பெயரைக்கூடப் படிக்கவில்லை. ஒன்றை எடுத்துக் கவரில் போட்டேன். உள்ளே போகிற கட்சியா, போகாத கட்சியா என்று வெளியே வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தாழ்வாரத்தில் மழைச்சத்தம் பலமாக இருந்தது. திபுர்சியோ கத்திப் பேசினார். இனி நமக்கே ஓர் அரசாங்கம் வரப்போகிறது, பாதையை அது போடட்டும் என்று சிலர். ஈஸ்டருக்குள் நாமே போட்டுவிடலாம் என்று சிலர். அவர் வீடு வீடாகக் கூப்பிட்டார்.

"இதூர்பே."

"நாமே போடலாம்," என்றாள் கசில்டா. "அரசாங்கம் மேல ஏறி வரணும்னாலும் பாதை வேணும்ல?"

"சகார்தி."

கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. இஷித்ரோவின் கை மறுபடி பைக்குள் போயிருந்தது. இப்போது அதில் ஒன்றும் இல்லை.

"அண்ணியக் கேளுங்க," என்றான்.

"நான் வீட்டைக் கேக்கறேன்," என்றார் திபுர்சியோ.

"நானும் அதத்தான் சொல்றேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெயரைக் கூப்பிடும்போது யார் பக்கம் திரும்புவார்கள் என்று குளிர்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பாதையைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

"நாமே போடலாம்," என்றேன்.

"கை," என்றாள் கசில்டா.

உயர்த்தினேன்.

"வேலைக்கு சகார்தியிலேர்ந்து யாரு?"

"ரெண்டு பேரு."

"வீட்டுக்கு ஒரு ஆள்தான் முறை."

"ரெண்டு பேரும் வருவோம்."

திபுர்சியோ தலையைச் சொறிந்தார். "ரெண்டாவது ஆள நான் எந்தக் கணக்குல வைக்கறது?"

அது யாருக்கும் தெரியவில்லை. அவர் அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.

ஏறும்போது இஷித்ரோ எனக்குப் பின்னால் வந்தான். பாதி தூரம் ஏறியதும் கூப்பிட்டான்.

"அண்ணி."

"என்ன?"

"அட்டையக் கோட்டுல ஜனவரிலதானே வச்சீங்க?"

"ஆமா."

"வக்கீலப் பாக்கப் போனப்ப."

"ஆமா."

"அன்னிக்கு மழையா?"

"நல்ல மழை."

அவன் தலையாட்டிக்கொண்டான். கொஞ்ச தூரம் போன பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல், மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "நல்ல மழை."