பரீட்சைக்குப் போன வாய்

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அப்படித் தேடியிருக்க மாட்டார்கள். வல்லக்கோட்டை கலைமதி ஒரு மாதமாக எதிரில் வருகிறவர்களின் வாயையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் படிப்பது பல் சுகாதாரம். கடைசி செய்முறைத் தேர்வுக்கு மாணவர்களே ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அந்த ஆளின் பல்லில் காரை கெட்டியாகப் படிந்திருக்க வேண்டும். அதைத் தேர்வாளர் முன்னால் சுரண்டி எடுத்துக் காட்ட வேண்டும். பளிங்குப் பல்லோடு ஒருவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் மார்க்கு போட அங்கே ஒன்றுமில்லை.

அவள் அப்பா வெங்கடேசன் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். படிப்பின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு ஒரே பாட்டுத்தான். "பல்லு வெளக்கறதுக்கு ஒரு படிப்பு, அத்துக்கு ஒரு காலேஜி! முடிச்சிட்டு இன்னா பண்ணுவ? வூடு வூடா போயி வெளக்கி வுடுவியா?" இந்தத் தடவை தேறாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்பது வீட்டு ஒப்பந்தம். சூப்பர்வைசரிடம் சொல்லி லைனில் ஓர் இடமும் பிடித்து வைத்துவிட்டார். தேர்வு நெருங்க நெருங்க, அந்த பஸ் ஹாரன் கலைமதிக்குக் கனவிலும் கேட்டது.

அப்படி இருக்கும்போதுதான் கண்ணப்பன் மாமா அவள் எதிரில் கொட்டாவி விட்டார்.

கண்ணப்பன் அடுத்த தெருக்காரர். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் ஒரகடம் கம்பெனிகளுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். டீயும் பீடியும் சேர்ந்து பல வருடம் உழைத்த உழைப்பு அந்த வாயில் தெரிந்தது. கீழ்வரிசை முழுக்கக் காரை, சிமெண்ட் பூசினதுபோல். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷத்தில் கலைமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, பரீட்சைக்கு உங்க வாய எனக்குக் குடுங்க," என்றாள்.

மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆட்டோவில் ஏறுகிற ஷிஃப்ட் ஆட்களிடமெல்லாம், "என் வாயி யுனிவர்சிட்டிக்குப் போவுது, தெரியுமா? ஊர்ல எத்தினியோ வாயப் பாத்துட்டு, என் வாயத்தான் செலக்ட் பண்ணிக்கீது அந்தப் பொண்ணு," என்று அளந்தார்.

தேர்வு நாள் காலையில் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பின் சீட்டில் அவர் மனைவி மாரிசெல்வி அத்தை பட்டுப்புடவையில். கலைமதியைப் பார்த்து மாமா சிரித்தார். பல் பளிச்சென்று இருந்தது.

கலைமதி கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். "மாமா... பல்லு?"

"நான்தான் நேத்து குன்றத்தூர்ல கிளினிக்குக்கு இட்டுகினு போனேன்," என்றாள் அத்தை, வழக்கம்போல் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு. "அம்மாம் பெரிய எடத்துக்கு அந்த அழுக்கு வாயோடவா அனுப்புறது? இவனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்து இன்னா பிரயோஜனம்னு கேக்க மாட்டாங்க?"

விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற குணம். எப்படித் திட்டுவது? கலைமதி வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவே விஷயத்தையும் சொன்னாள்.

அத்தை பதறிப்போனாள். முந்தானையை விட்டுவிட்டு, "ஐயையோ! நான் இன்னாத்தக் கண்டேன்? அழுக்கோட வந்தாத்தான் பாஸுன்னு யாராச்சும் சொன்னீங்களா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

கலைமதி நிமிர்ந்தாள். அழுகை நின்றுவிட்டது. அத்தையின் வாயில் இருந்த காரைக்கு முன்னால் மாமாவுடையது வெறும் தூசு.

"அத்தை, கிளினிக் வரைக்கும் போனீங்களே, நீங்க ஏன் பண்ணிக்கல?"

"எனக்கு எதுக்குடி? என்னை யாரு பாக்கப்போறா?"

இத்தனை காலமும் அத்தை ஏன் முந்தானைக்குப் பின்னால் சிரித்தாள் என்பது கலைமதிக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர் வாயெல்லாம் பார்த்தவள் இந்த வாயைப் பார்க்காமல் விட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. "இன்னிக்குப் பாக்கப்போறாங்க அத்தை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

கல்லூரியில் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, ஆள் மாறியதை ஒப்புக்கொண்டார்கள். கஷ்டம் அதற்கப்புறம்தான். மூச்சு விடாமல் பேசுகிற மாரிசெல்வி அத்தை, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை. பாவம், கைதான் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. கலைமதி அதைக் கண்டுகொள்ளவில்லை. காரை துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து வந்தது.

தேர்வாளர் மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். எங்கேயும் தடுக்கவில்லை. "நல்லா பண்ணியிருக்கே. எங்கேம்மா வேலைக்குப் போகப்போறே?"

அப்பா கேட்கும் அதே கேள்வி. பதில் நாற்காலியிலிருந்து வந்தது.

"குன்றத்தூர்ல, மேடம்."

கலைமதி திரும்பிப் பார்த்தாள். அடைத்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அத்தை கொட்டினாள். "நேத்து அந்த டாக்டரம்மா தனியாளா மல்லுக்கட்டிகினு இருந்தாங்க. வெளிய ஷிஃப்ட் முடிச்ச ஆளுங்க க்யூவுல நிக்கிறாங்க. எங்க ஊர்ப் பொண்ணு இதுக்குன்னே படிக்கிது, நீங்க ஏம்மா தனியா கஷ்டப்படுறீங்கன்னு கேட்டேன். பாஸானதும் இட்டாரச் சொன்னாங்க. அதச் சொல்லத்தான் காலைல வந்தேன், நீ ஒப்பாரி வெச்சிட்ட."

திரும்பும் வழியெல்லாம் அத்தை நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டே வந்தாள். "இன்னாடி சந்து சந்தா கீது? பல்லையும் சேத்துப் பேத்துட்டியா?"

"பல்லு அங்கியேதான் கீது. இப்பத்தான் வெளிய தெரியுது," என்று கலைமதி அவளிடம் கண்ணாடியை நீட்டினாள். அத்தை பார்த்தாள், சிரித்தாள். முந்தானை தோளிலேயே இருந்தது. முன்னாலிருந்த கண்ணாடி வழியாக மாமா அதையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில், தினமும் போகிற வல்லக்கோட்டைத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

டீ பிரேக்கில் அப்பா போன் செய்தார். கலைமதி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப சூப்பர்வைசராண்ட நான் இன்னா சொல்றது? எடம் புட்ச்சி வெச்சிகினு கீறாரு."

"குன்றத்தூருக்கு வரச் சொல்லுப்பா, நான் பாத்துக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடு, வர்றதுக்கு முன்னாடி வேற எங்கியும் போயி கிளீன் பண்ணிக்க வேணாம்."